ஆற்றின் உளி தண்ணீர் அல்ல

ஏப்ரல், மே மாதங்களில் ஒகேனக்கல்லுக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முகம் வாடித்தான் திரும்புவார்கள். மேலே அணைகளிலிருந்து வரத்து குறைந்து, காவிரி சில நூறு கன அடிக்கு இறங்கியிருக்கும். ஐந்தருவியும் சினிபால்ஸும் வெறும் பாறையாகத் தெரியும். ஆனால் ஆறு எப்படிக் கல்லைச் செதுக்குகிறது என்று பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. மற்ற மாதங்களில் நுரைக்கு அடியில் மறைந்திருக்கும் பாறையெல்லாம் அப்போது வெயிலில் கிடக்கிறது.

அந்தப் பாறையில் கொஞ்சம் குனிந்து பார்த்தால் குழிகள் தெரியும். சில குழிகளில் கையை மட்டும்தான் விட முடியும். சிலவற்றில் ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்காரலாம். சுவர் எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருக்கும். தடவிப் பார்த்தால் சுற்றுவாக்கில் மெல்லிய வரிகள் விரலில் படும். வாய் சிறுத்து, வயிறு பெருத்திருக்கும். அடியில் கொஞ்சம் மணல், அதற்குள் இரண்டு மூன்று கற்கள். வெளியே ஆற்றில் கிடக்கும் கூழாங்கற்களைவிட அந்தக் கற்கள் இன்னும் நன்றாக உருண்டிருக்கும். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். குழி, உள்ளே குழவி, நடுவில் சுற்றும் ஈரமான அரைபொருள். அரைக்க அரைக்க குழவியும் தேயும், குழியும் தேயும். இங்கே குழவியைச் சுற்றுகிற கை மட்டும் ஆற்றுடையது. பாறையின் மேடுபள்ளத்தில் மோதிச் சுழலும் நீர், அகப்பட்ட கல்லையும் மணலையும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது.

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று கேட்டே வளர்ந்ததால், ஆற்றுக்கல் வழவழப்பானதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். தண்ணீர் மென்மையானது, கல் கடினமானது, இருந்தும் பொறுமையாக ஓடி ஓடித் தண்ணீர் கல்லைத் தேய்த்துவிட்டது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நடப்பது வேறு. கல்லைத் தேய்ப்பது பெரும்பாலும் கல்தான். நீர் அதைத் தூக்கிக்கொண்டு போய் மோதவிடுகிறது. அதுவும் வருடம் முழுக்க நடக்கிற காரியம் இல்லை.

ஒகேனக்கல் பகுதியின் பாறைகளையே எடுத்துக்கொள்வோம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவான சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள் அவை. (சென்னைப் பக்கம் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் கருநீலக் கல்லும் சார்னோகைட்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார்.) இவற்றில் இருக்கும் கனிமங்களில் குவார்ட்ஸின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் 7, பெல்ட்ஸ்பாரின் கடினம் 6. சாதாரணப் பேனாக்கத்தியால் இவற்றில் கீறல் போட முடியாது. தெளிந்த தண்ணீர் எத்தனை நாள் ஓடினாலும் இந்தப் பாறைமேல் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது.

விதிவிலக்குகள் உண்டு. சுண்ணாம்புக்கல், பளிங்கு போன்றவற்றை நீர் நேரடியாகவே கரைக்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது இந்தப் பாறைகளில் உள்ள கால்சைட் என்ற கனிமத்தைக் கரைக்கிறது. ஆந்திராவில் பேலம் குகைகள் உருவானது இப்படித்தான். ஓடும் நீர் கரைத்த சுண்ணாம்புப் பாறையில் சிப்பி ஓடு பதித்தாற்போல வரிசையாகச் சிறு சிறு பள்ளங்கள் விழும். ஓட்டம் வேகமாக இருந்தால் பள்ளம் சிறிது, மெதுவாக இருந்தால் பெரிது. நீர் வற்றிப்போன குகையில்கூட, முன்னொரு காலத்தில் அது எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடியது என்று இந்தப் பள்ளங்களை அளந்தே சொல்கிறார்கள்.

இன்னொரு விதிவிலக்கு, மிக வேகமான நீரில் உண்டாகும் குமிழிகள். அழுத்தம் திடீரெனக் குறையும் இடத்தில் நீராவிக் குமிழிகள் தோன்றி, அடுத்த கணமே உடைந்து, சுத்தியல் அடிபோலப் பரப்பைத் தாக்கும். 1983 வெள்ளத்தின்போது அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையில் உபரிநீர்ச் சுரங்கம் ஒன்றின் கான்கிரீட் உறை இப்படித்தான் பிய்ந்துபோய், அடியிலிருந்த மணற்பாறையில் பத்து மீட்டர் ஆழத்துக்குப் பெரும்பள்ளம் விழுந்தது. ஆனால் அந்த வேகம் இயற்கையான ஆறுகளில் அபூர்வம்.

ஆக, ஒகேனக்கல் மாதிரி கடினமான பாறையில் வேலை பார்க்க ஆற்றுக்கு ஆயுதம் வேண்டும். மணல், சரளை, குண்டுக்கல் இவைதான் அந்த ஆயுதம். இங்கே ஒரு விசித்திரமும் இருக்கிறது. அமெரிக்கப் புவியியலாளர் ஜி.கே. கில்பர்ட் 1877-இலேயே அதைக் கவனித்து எழுதிவிட்டார். கல்லே இல்லாத ஆறு பாறையைத் தேய்க்காது. கல் ரொம்பவும் அதிகமான ஆறும் தேய்க்காது. கற்கள் குவிந்து ஆற்றின் தரையையே மூடிவிட்டால், மேலே உருளும் கல் கீழே கிடக்கும் கல்லைத்தான் மோதும். பாறைக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும்.

இதை ஆய்வகத்தில் அளந்து காட்டியவர்கள் லெனர்ட் ஸ்க்லாரும் வில்லியம் டீட்ரிக்கும். உருளை வடிவத் தொட்டி, அடியில் வட்டமாக வெட்டிய பாறைத் துண்டு, மேலே நீர், நீரைச் சுழற்ற ஒரு துடுப்பு. அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரளையைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். தேய்மானம் முதலில் ஏறியது, ஓர் உச்சத்துக்கு வந்தது, பிறகு இறங்கி, அடிப்பாறை முழுக்க மூடியதும் ஏறக்குறைய நின்றே போனது. 2001-இல் வெளியான இந்த முடிவுகளில் இன்னும் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, ரொம்பப் பொடி மணலால் பெரிய பலன் இல்லை. அது நீரோடு மிதந்தே போய்விடுகிறது, தரையைத் தொடுவதில்லை. துள்ளித் துள்ளிப் போகும் சரளைதான் பாறையை அடிக்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு அடியிலும் பாறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, விரிசல்கள் சேர்ந்து, ஒரு துணுக்கு பெயர்கிறது. அதனால் பாறையைக் கீறுவது எவ்வளவு கஷ்டம் என்பதைவிட, அதை இழுத்துப் பிய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதே தேய்மானத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வலிமை இரண்டு மடங்கானால் தேய்மானம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஆற்றங்குழிக்கும் இதே விதிதான். அடியில் ஒரு கைப்பிடிக் கற்கள் இருக்கும்வரை குழி ஆழமாகும். கற்கள் நிரம்பிவிட்டால் அவை சுழல மாட்டா. குழி அப்படியே நின்றுவிடும். அடுத்த பெருவெள்ளம் வந்து அள்ளிக்கொண்டு போனால்தான் வேலை மறுபடி தொடங்கும். பக்கத்துப் பக்கத்துக் குழிகள் வளர்ந்து, நடுச்சுவர் மெலிந்து உடைந்து, ஒன்றாகச் சேரும்போது ஆற்றுக்கு ஒரு புது வாய்க்கால் கிடைக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே, மேக்கேதாட்டு என்றும் ஆடு தாண்டும் காவிரி என்றும் சொல்லும் இடத்தில் அவ்வளவு பெரிய ஆறு ஒரு பாறை இடுக்குக்குள் ஒடுங்கிப் போகிறதே, அதன் கரைகளைப் பார்த்தால் அரைவட்டம் அரைவட்டமாகப் பாதிக் குழிகள் தெரியும். உடைந்துபோன மற்ற பாதிகள் இருந்த இடத்தில்தான் இப்போது ஆறு ஓடுகிறது.

மகாராஷ்டிரத்தில் நிகோஜ் என்ற ஊரில் குக்கடி ஆறு தக்காணத்து எரிமலைப் பாறையில் குடைந்த குழிகள் இதைவிடப் பிரமாதமானவை; ஆற்றின் தரை முழுக்கவே பொத்தலாகிக் கிடக்கிறது. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்தில் 1872-இல் கண்டுபிடித்த ஒரு குழி 9.5 மீட்டர் ஆழம். பனியாற்றுக்கு அடியில் ஓடிய உருகுநீரின் வேலை அது. நம் குற்றாலத்துப் பொங்குமாங்கடலும் சொந்தக்காரன்தான். மலைமேலிருந்து விழும் நீர் பாதியில் அந்தப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்து, வேகம் அடங்கிய பிறகே கீழே இறங்குகிறது. பேரருவியின் கீழே தலையைக் கொடுத்து நிற்க முடிவதே அந்தப் பள்ளத்தின் புண்ணியத்தால்தான்.

சரி, வருடம் முழுக்க நடக்கிற வேலை இல்லை என்று சொன்னேன். ஏன்? நீரின் வேகத்துக்கும் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடைக்கும் உள்ள உறவு அப்படி. வேகம் இரண்டு மடங்கானால் நகரக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ 64 மடங்கு. ஆறாம் அடுக்கு விதி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இதைச் சொல்லி வருகிறார்கள். நிஜமான ஆற்றில் கணக்கு இத்தனை சுத்தமாக வராது. கற்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும், தரை சமமாக இருக்காது. ஆனாலும் விதியின் போக்கு சரிதான். வைகாசியில் கணுக்கால் ஆழத்தில் ஓடும் நீர் ஒரு புளியங்கொட்டை அளவுக் கல்லைக்கூட அசைக்காது. அதே ஆறு 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒகேனக்கல்லில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வந்தது. பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்ட அந்த நாட்களில்தான் ஆறு நிஜமாக வேலை பார்த்தது. மலையாறுகளில் பெருவெள்ளத்தின்போது கரையில் நின்றால் இரைச்சலுக்குள் 'கடக், கடக்' என்று கற்கள் மோதிக்கொள்ளும் சத்தம் தனியாகக் கேட்கும். சுவிஸ் மலைகளில் எர்லன்பாக் என்ற ஓடையின் தரையில் இரும்புத் தகடுகளைப் பதித்து, அவற்றின் அதிர்வைக் கொண்டே எத்தனை கல் உருண்டு போகிறது என்று அளக்கிறார்கள்.

வெள்ளத்தின் பங்கு எவ்வளவு என்பதை தைவான் நன்றாகக் காட்டுகிறது. அங்கே லிவு ஆற்றின் பாறையில் அளவீட்டுப் புள்ளிகளை வைத்துத் தேய்மானத்தைப் பார்த்துவந்தவர்கள், 2000 ஆகஸ்டில் பிலிஸ் சூறாவளி வெள்ளத்துக்குப் பிறகு, வழக்கமான நீர்மட்டத்துக்கு வெகு உயரத்தில் பாறைச் சுவர் தேய்ந்திருப்பதைக் கண்டார்கள். அதே தீவில் தாஅன் ஆற்றின் கதை இன்னும் வேடிக்கை. 1999 நிலநடுக்கம் ஆற்றின் குறுக்கே தரையைப் பத்து மீட்டர்வரை உயர்த்திவிட்டது. ஆறு அதை அறுக்க ஆரம்பித்தது. பத்தாண்டு சொச்சத்தில் ஒரு கிலோமீட்டர் நீளமும் 17 மீட்டர்வரை ஆழமும் உள்ள பள்ளத்தாக்கு தயார். பாறை பலவீனமானது, சரளையோ ஏராளம். டெக்சஸில் 2002-இல் கேன்யன் ஏரி அணை வழிந்தபோது, மூன்று நாள் வெள்ளத்தில் சராசரி ஏழு மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு விழுந்தது.

டெக்சஸில் நடந்தது தேய்மானம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே சுண்ணாம்புப் பாறை ஏற்கெனவே குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. வெள்ளம் அதைக் கட்டிகட்டியாகப் பெயர்த்துத் தள்ளியது. பெயர்ப்பும் தேய்ப்பும் ஒரே ஆற்றில் அருகருகே நடக்கும், அடையாளம் காண்பதும் எளிது. தேய்த்த இடம் வளைந்து வழவழவென்று இருக்கும், பெரும்பாலும் நீர் வரும் திசையைப் பார்த்த முகம். பெயர்த்த இடம் படிக்கட்டு மாதிரி, மூலைகள் கூராக. வெடிப்பு நெருக்கமாக உள்ள பாறையில் பெயர்ப்பு ஜெயிக்கும். ஒகேனக்கல் மாதிரி கட்டியான பாறையில் தேய்ப்பு.

இதுவரை ஆற்றின் தரையைப் பற்றியே பேசினோம். மோதுகிற கல்லுக்கும் அடி விழுகிறதே, அது என்ன ஆகிறது? மலையிலிருந்து உடைந்து விழும்போது கல் மூலையும் முனையுமாகத்தான் இருக்கும். உருளும்போது நீட்டிக்கொண்டிருக்கும் மூலைதான் முதலில் அடி வாங்கும். எங்கே வளைவு அதிகமோ அங்கே தேய்மானம் அதிகம், தட்டையான முகத்தில் குறைவு. 2014-இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் காபோர் டொமோகோஷும் அவருடன் இருந்தவர்களும் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் கட்டத்தில் மூலைகள் மழுங்குகின்றன. கல்லின் நீள அகலம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மூலை எல்லாம் போன பிறகுதான் இரண்டாம் கட்டம்: வடிவம் அதிகம் மாறாமல் கல் சிறுத்துக்கொண்டே போகும். கூழாங்கல் உருண்டிருப்பதைப் பார்த்து 'யுகயுகமாக உருண்டிருக்கும்' என்று நினைக்கிறோம். ஆனால் உருட்சி சீக்கிரமே வந்துவிடும்; சிறுப்பதற்குத்தான் தூரம் வேண்டும்.

இந்தக் கணக்கு செவ்வாய் வரைக்கும் போயிருக்கிறது. 2012-இல் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே, சிமெண்டில் ஜல்லி பதித்தாற்போல உருண்டைக் கற்கள் இறுகிப்போன பாறையைப் படம் பிடித்து அனுப்பியது. 2 முதல் 40 மில்லிமீட்டர்வரை உள்ள கற்கள். காற்று அந்த அளவுக் கல்லைத் தூக்கி உருட்டாது. அங்கே ஆறு ஓடியிருக்கிறது. கற்கள் எவ்வளவு மழுங்கியிருக்கின்றன என்பதிலிருந்து அவை தங்கள் பருமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்து, பத்துக்கணக்கான கிலோமீட்டர் பயணித்திருக்க வேண்டும் என்று 2015-இல் கணக்கிட்டார்கள்.

கீழே போகப் போக கல் ஏன் சிறுக்கிறது என்பதற்குப் பழைய விடை ஹெர்மன் ஸ்டெர்ன்பெர்க்குடையது. ரைன் நதியின் கற்களை அளந்து, ஒவ்வொரு குறிப்பிட்ட தூரத்துக்கும் கல் தன் எடையில் ஒரே விகிதத்தை இழக்கிறது என்று 1875-இல் விதி எழுதினார். அது பாதிக் கதைதான். பெரிய கற்களை ஆறு மேலேயே விட்டுவிட்டுச் சிறியவற்றை மட்டும் முன்னால் கொண்டுபோகிறது என்பது மறுபாதி. எந்த ஆற்றில் எது எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. காவிரியில் இரண்டும் சேர்ந்து செய்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். ஒகேனக்கல்லில் குண்டுக்கல், திருச்சியில் மணல், தஞ்சைக்குக் கீழே வண்டல். பெல்ட்ஸ்பார் வழியிலேயே மக்கி களிமண்ணாகிவிடுகிறது. மக்காத குவார்ட்ஸ்தான் மணலாக மிஞ்சுகிறது.

நடுவில் 1934-இல் மேட்டூர் வந்துவிட்டது. மேலிருந்து வரும் மணலும் சரளையும் அணைக்குள்ளேயே தங்கிவிடும். மதகு வழியாக வெளியே வருவது தெளிந்த நீர். கொலராடோ ஆற்றில் 1963-இல் கிளென் கேன்யன் அணை மூடிய பிறகு, கீழே கிராண்ட் கேன்யனின் மணல்திட்டுகள் கரைந்துகொண்டே போனதால், 1996 முதல் அவ்வப்போது செயற்கை வெள்ளம் விட்டுப் பார்க்கிறார்கள். ஆயுதம் பறிபோன ஆறு பாறையை முன்போல் தேய்க்காது. அதற்குப் பதிலாக, கையில் கிடைக்கும் மணற்படுகையையும் கரையையும் அரிக்கும். இருக்கிற மணலையும் லாரியில் அள்ளினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மழை மட்டும் போதாது என்பதற்கு இலங்கையின் மத்திய மலைநாடு நல்ல சாட்சி. செங்குத்தான சரிவு, கொட்டும் மழை, அடுக்கடுக்காக அருவிகள். பார்த்தால் மலையே கரைந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். விண்கதிர்கள் பட்டு குவார்ட்ஸில் சேரும் பெரிலியம்-10 என்ற ஐசோடோப்பை (பெரிலியம் தனிமத்தின் ஒரு வகை அணுவை) அளந்தால், ஒரு நிலப்பரப்பு எவ்வளவு காலமாக, என்ன வேகத்தில் தேய்கிறது என்று தெரியும். 2004-இல் வெளியான அப்படியோர் அளவீட்டில், மனிதக் கை படாத இடங்களில் தேய்மானம் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் என்று வந்தது. தைவானில் ஒரே வருடத்தில் நடப்பது அது. இலங்கை, தென்னிந்தியா இரண்டும் அமைதியான பழைய நிலங்கள்; தைவானைப் போல மலை மேலே எழும்பிக்கொண்டே இருப்பதில்லை. இன்னொரு காரணமும் சொல்வதுண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பாறையை மலையிலேயே மக்கச் செய்து மண்ணாக்கிவிடுவதால், ஆற்றுக்குச் சரளை கிடைப்பது குறைவு. நீர் நிறைய, உளி கொஞ்சம். கடினமான பாறைமேல் அருவிகள் அப்படியே நிலைத்து நிற்பதில் அதற்கும் பங்கு இருக்கும்.

கல்லின் மழுங்கலை வேறு ஒரு கூட்டமும் கூர்ந்து பார்க்கிறது: தொல்லியலாளர்கள். 1863-இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த குவார்ட்சைட் (குவார்ட்ஸ் மணல் இறுகி உண்டான கடினக் கல்) கைக்கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் அல்லிக்குழி மலையின் பாறையே பழங்கால ஆறு உருட்டிவிட்ட குவார்ட்சைட் கற்கள் இறுகி உண்டானது. கருவி செய்ய வாகான கல் அங்கே தயாராகவே கிடந்தது.

இந்த மாதிரி இடங்களில் ஒரு கருவி கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது விளிம்பையும் சில்லு பெயர்ந்த வரிகளையும்தான். அவை கூராக இருந்தால், செய்தவர் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கருவி கிடந்திருக்கிறது. அங்கே தோண்டிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. வரிகள் மழுங்கி, கல் கூழாங்கல் மாதிரி ஆகத் தொடங்கியிருந்தால், ஆறு அதை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரே சரளை அடுக்கில் கூரானதும் மழுங்கியதும் கலந்து கிடந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அவை வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒருவேளை வெவ்வேறு காலங்களிலிருந்து, ஆறு ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டியவையாக இருக்கலாம். ஒன்றின் வயதை வைத்து மற்றதன் வயதைச் சொல்லிவிட முடியாது.